இப்படி வாசிக்க

மனோரமா டேப் ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பத்மநாதன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதுமான இடத்தில் அரை மணி நேரம் பேசாமல் இருப்பது அவருடைய பிறவிக்குணம். பார்சல் டிப்போவில் பிழையான விலாசங்களைத் திருத்தி அனுப்பும் வேலை அவருக்கு. எட்டு மணி நேர ஷிப்டில் எட்டு வார்த்தை பேசினால் அன்றைக்கு மனுசன் உற்சாகமாக இருந்தார் என்று அர்த்தம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம் அது. மனோர் பார்க் நூலகத்தின் பின்னறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மனோரமா ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்து, இரண்டாம் வருடமே அதை உதறிவிட்டு வயலின் பக்கம் போனவள். பள்ளிக்கூடங்களில் வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் இசை எழுதினாள். அந்த வருட நூலக விழாவுக்கு 'எங்கள் தெருக்களின் எழுத்து' என்று பேர். இந்த வட்டாரத்தில் எழுதப்பட்ட ஏதாவது ஒன்றை எடுத்து, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வர் வாசிக்க ஒரு உருப்படி எழுதித் தரும்படி அவளைக் கேட்டிருந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் எழுதியது என்று தேடினால் தமிழ் அலமாரியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'கூதல்'. லண்டனின் முதல் மாரிக் குளிரில் நடுங்கிக்கொண்டே பேர் வைத்த சிற்றிதழ். எண்பத்து நான்கிலிருந்து ஏழு வருடம், சர்ச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்னறையில் தட்டச்சாகி, மடிக்கப்பட்டு, பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனது. ஆசிரியர் அருட்பிரகாசம். முதல் பதினான்கு இதழ்களுக்கும் மெய்ப்புப் பார்த்து எழுத்துப்பிழை திருத்தியவர் பத்மநாதன்.

"எனக்குப் பேச வரும் அங்கிள், படிக்கத் தெரியாது," என்றாள் மனோரமா. "தமிழ்ப் பள்ளிக்கூடம் போகல. ஆனா இந்தப் பக்கத்தப் பாத்த உடனே புடிச்சிருச்சு. பாருங்களேன், ரெண்டு ரெண்டு சொல்லு, நடுவுல எவ்ளோ வெள்ளை! இத அப்படியே படிங்க. உங்க வாயில எப்படி வருதுன்னு கேக்கணும்."

அவள் நீட்டிய போட்டோ கொப்பியைப் பார்த்த உடனே பத்மநாதன் அடையாளம் கண்டுகொண்டார். பதினான்காம் இதழின் கடைசிப் பக்கம். தலைப்பு: 'இப்படி வாசிக்க'. அதாவது, முன்பக்கங்களில் இன்ன சொல் பிழையாக வந்திருக்கிறது, அதை இப்படித் திருத்தி வாசிக்க. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். மொத்தம் முப்பத்தொன்று.

பிழைதிருத்தம் என்று தெரிந்துதான் கேட்கிறாள், ஒலி வித்தியாசம் வேண்டுமாக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பொத்தான் அழுந்தியது. வாசித்தார்.

"கறை. கரை."

நிறுத்தினார். அந்தப் பிழை எப்படி வந்தது என்று நினைவு வந்தது.

"பனி. பணி."

மறுபடியும் நிறுத்தம்.

"கூறை. கூரை."

அது தவநாயகி அக்காவின் கவிதை. 'எங்கள் கூரை ஒழுகியது' என்று அவர் உருகி எழுதியிருந்தார். அச்சில் கூறை ஒழுகியது. கலியாணச் சேலை ஏன் ஒழுகுது என்று சுவிசிலிருந்து ஒருவர் கடிதம் போட்டுக் கேட்டார்.

அந்த இதழில் பிழைகள் அப்படிக் குவிந்ததற்குக் காரணம் வேலை நடந்த முறை. கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவன் சென்னையிலிருந்து படிக்க வந்த சேகர். யாழ்ப்பாணத்துக் கையெழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. பத்மநாதன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார், அவன் காதில் விழுந்ததை அடிப்பான். அவர் 'கறை' என்று றகரத்தை மேலண்ணத்தில் இடறவிட்டுச் சொல்லுவார். சேகரின் காதுக்கு அது ஒருநாள் கறை, ஒருநாள் கரை. அவருடைய வாய்க்கும் அவன் காதுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. சொற்கள் அதில் விழுந்து விழுந்து எழும்பின. மெய்ப்பில் அவர் பிடித்தது பாதி, விட்டது பாதி. விட்டவற்றைக் கண்டபோது உள்பக்கங்கள் எல்லாம் அச்சாகியிருந்தன. கடைசித் தாளில் மட்டும் இடம் இருந்தது.

ஆனால் ஒன்பதாவது பிழை மட்டும் கடலில் விழுந்தது அல்ல.

வாசித்து முடித்தபோது மனோரமாவின் கண் கலங்கியிருந்தது போல அவருக்குப் பட்டது. 'சளி பிடித்திருக்கும்,' என்று நினைத்துக்கொண்டு கோட்டை மாட்டினார்.

சித்திரை நடுவில் விழா நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்தது. மனைவி கனகாம்பிகைதான் உறையைப் பிரித்தார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப கவிஞரானியள்?"

"ஆர்?"

"நீங்கள்தான். என்னோடை கதைக்கவே வருசத்துக்கு நாலு சொல்லு வைச்சிருக்கிறியள், கவிதைக்கு எங்கையிருந்து எடுத்தனியள்?"

வாங்கிப் பார்த்தார். 'இப்படி வாசிக்க. நால்வர் இசை. பத்மநாதனின் கவிதையைத் தழுவியது. சிறப்பு விருந்தினர்: கூதல் ஆசிரியர் அருட்பிரகாசம்.'

கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிழைதிருத்தப் பக்கத்தின் அடியில் 'மெய்ப்பு: பத்மநாதன்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்தப் பெண் யாரிடமோ பேரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டிருக்கிறாள். அவருடைய பேர் கூதலில் வந்தது எப்போதும் அந்த இடத்தில் மட்டும்தான். மூன்று தரம் கவிதை எழுதிக் கொடுத்தார். மூன்று தரமும் அருட்பிரகாசம் திருப்பித் தந்தார். மூன்றாம் தரம், "ஐசே, நீர் வாசிக்கப் பிறந்த ஆள். எழுதி ஏன் கையைக் கெடுக்கிறீர்?" என்று சிரித்தார்.

பதினான்காம் இதழ் தட்டச்சில் இருந்த கிழமை அது. அருட்பிரகாசம் தலையங்கத்தில், 'இயக்கச் சண்டைகள் கண்டு மனம் வெறுத்து நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்' என்று எழுத நினைத்து, 'குரைத்துக்கொண்டேன்' என்று எழுதியிருந்தார். கை சறுக்கிய ஒரு ரகரம். பத்மநாதன் அதைக் கண்டார். பிரதியில் ஒரு எழுத்தையும் கேளாமல் மாற்றக்கூடாது என்பது ஆசிரியரின் சட்டம். ஆசிரியரோ அன்றைக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தார். எழும்பிப் போய்க் கேட்க நாலு அடி. பத்மநாதன் எழும்பவில்லை. எழுத்துப்படியே வாசித்தார், சேகர் அடித்தான். பிறகு பிழைதிருத்தத்தில் ஒன்பதாவதாகச் சேர்த்தார். கண்ணில் படாமல் போயிருக்கக்கூடியவர்களையும் அது விரல் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியது. மூன்று மாதம் லண்டன், பாரிஸ் எங்கும் அருட்பிரகாசத்துக்குத் தொலைபேசி எடுத்து 'வள் வள்' என்றுவிட்டு வைத்தார்கள். மெய்ப்புக்காரன் தூங்கிவிட்டான் என்று அருட்பிரகாசம் அவருக்கு வீட்டுக் கதவைச் சாத்தினார். ஆறு வருடம் பேச்சில்லை. முருகன் கோயில் திருவிழாவில் ஒருவர் வடக்கு வீதியில் நின்றால் மற்றவர் தெற்கு வீதியில் நிற்பார்.

அன்றைக்கு எழும்பாமல் இருந்தது பணிவா, பழியா? ஆறு வருடமாகப் பத்மநாதன் அதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது முன்வரிசையில் உட்காரப்போகும் அருட்பிரகாசத்தின் முன்னால், ஊரைக் கூட்டி, மேளம் கொட்டி, அந்த ஒன்பதாவது பிழையை வாசிக்கப்போகிறார்கள். அதுவும் பத்மநாதனின் கவிதை என்று. வேண்டுமென்றே செய்த கேலி என்று அல்லாமல் வேறெப்படி எடுப்பார்?

நிறுத்தவேண்டும். சனிக்கிழமை காலை, ஒத்திகை நடந்த தேவாலய மண்டபத்துக்குப் போனார். மனோரமாவிடம் சொல்லவேண்டிய வசனங்களை எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனார். கதவைத் திறந்தபோது நால்வரும் கோட்டைக் கழற்றாமல் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாசலிலேயே நின்றார்.

முதலில் வயோலா. வில்லை நரம்பில் அழுத்தி, ஒரு சின்ன உராய்வோடு ஒரு சுரம். பிறகு இரண்டாவது வயலினில் அதே சுரம். ஆனால் அதே அல்ல. உராய்வு இல்லை, ஓரமாக வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. நால்வரும் அசையாமல் இருந்தார்கள்.

பத்மநாதன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கறை. கரை. அது அவருடைய நாக்கு. ஐம்பத்திரண்டு வருடமாக வாய்க்குள் கிடந்த ஒரு நுனி, அங்கே ஒரு மரப்பெட்டியின் மேல் இடறிக்கொண்டிருந்தது. அடுத்த ஜோடி மூக்கில் ஒலித்தது, செல்லோவில், பனி, பணி. இரண்டாவது சொல்லில் வில் பின்னுக்கு வளைந்தது. பிறகு மறுபடி அமைதி, இந்தத் தரம் கொஞ்சம் நீளம். அந்த அமைதிக்குள் அவருக்குக் கூறையும் கூரையும் நினைவு வந்தன. வந்து முடிந்த அதே கணத்தில் வயலின் அதைத் தொட்டது. நூலகத்தின் பின்னறையில் அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாரோ அவ்வளவு நேரம். ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை.

கனகாம்பிகை அவருடைய பேசாமையை 'சுவர்' என்பார். டிப்போவில் அதற்கு வேறு பேர்கள் இருந்தன. அதற்கு ஒரு நீளம் உண்டு, ஒன்றுக்கொன்று வித்தியாசமான வடிவம் உண்டு, ஒருவர் அதை அளந்து எழுதி, நால்வர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றக்கூடும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

இடைவேளையில் மனோரமா ஓடிவந்தாள். "கேட்டீங்களா அங்கிள்? எங்க வீட்டுல அந்த ரெண்டு 'ர'வும் ஒண்ணுதான். உங்க டேப்பக் கேட்டுட்டு ராத்திரியெல்லாம் எங்கம்மாவுக்கு போன் போட்டு, 'ஏம்மா எனக்கு ஒரு எழுத்த மறைச்சே'ன்னு கேட்டேன். நீங்க நிறுத்துற இடமெல்லாம் ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்தேன். ஒம்பதாவதுக்கு முன்னாடி பதினோரு செகண்ட். ஏன்னு தெரியல. அத எடுத்துட்டா மத்தது எல்லாம் விழுந்துடுது."

பதினோரு செக்கன். பத்மநாதன் பஸ்ஸில் ஒழுங்குபடுத்திய வசனங்களை விட்டுவிட்டார்.

"பிள்ளை," என்றார். "இது கவிதை இல்லை."

"என்ன அங்கிள்?"

"பிழைதிருத்தம். பத்திரிகையில வந்த எழுத்துப்பிழையளின்ரை பட்டியல். முதலாவது பிழை, ரெண்டாவது சரி. நான் விட்ட பிழை."

அவள் கையிலிருந்த சுரத்தாள்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தாள்களைப் பார்த்தாள்.

"அப்ப முன்னால வர்றதெல்லாம் தப்பா?"

"ஓம்."

"ரெண்டையும் ஒரே மாதிரி அழகா எழுதிட்டேனே அங்கிள்."

செல்லோக்காரி குளிருக்கு விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மாத்தணுமா? நாளைக்குக் கச்சேரி. இல்ல, வேணாம்னா நிறுத்திடலாம். உங்க பக்கம் அது."

நிறுத்துங்கோ என்று சொல்லத்தான் வந்தார். "மாத்த வேண்டாம்," என்றார். "என்ரை பேரை மட்டும் எடுக்கவேணும். அதை நான் நாளைக்கு எழும்பிச் சொல்லிறன். நீங்கள் இங்கிலீசில சொல்லுங்கோ."

"நீங்களா? மேடையிலயா?"

கனகாம்பிகையும் அன்று மாலை அதையேதான் கேட்டார், இன்னும் சத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் நூறு பேருக்குக் கிட்ட இருந்தார்கள். பாதி தமிழர், பாதி நூலகத்துக்கு வரும் வெள்ளைக்காரர். எல்லோர் கையிலும் அந்தப் பக்கத்தின் கொப்பி. முன்வரிசையில் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அருட்பிரகாசம் இருந்தார். கொப்பியைப் பார்த்துவிட்டார் என்பது நாடி உயர்ந்து நின்ற விதத்தில் தெரிந்தது.

பத்மநாதன் எழும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது நான் எழுதின கவிதை எண்டு உங்களுக்குத் தந்த தாளில கிடக்கு. அது பிழை. இது கூதல் பதினாலாம் இதழின்ரை பிழைதிருத்தம். மெய்ப்புப் பாத்தது நான். முப்பத்தொண்டும் என்ரை பிழை."

மனோரமா ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலச் சிரிப்பு பின்னால் வந்தது. தமிழ்ச் சிரிப்பு முன்னமே வந்துவிட்டது.

"அப்ப அண்ணை, இது பிழையான கச்சேரியோ?" என்று யாரோ கத்தினார்கள்.

அருட்பிரகாசம் எழும்பினார். சிரிப்பு அடங்கியது. அவர்கள் இருவரின் கதை தெரியாத தமிழர் கிழக்கு லண்டனில் குறைவு.

"எல்லாத்தையும் உம்மடை எண்டு அள்ளிக்கொண்டு போகாதையும் ஐசே," என்றார். ஆறு வருடத்தில் முதல் சொல். "ஒன்பதாவது என்ரை. பழைய பெட்டியைக் கிளறேக்கை பிரதியைக் கண்டனான். என்ரை கையெழுத்திலதான் அப்பிடிக் கிடந்தது. கண்டு நாலு வருசம். வந்து சொல்ல வெக்கமாக் கிடந்தது. இப்ப அதைக் கச்சேரி ஆக்கிப்போட்டினம். என்ரை வரியை எனக்குத் தாரும்."

"வள்!" என்றது பின்வரிசை.

"ஓம் ஓம், குரைச்சது நான்தான்!" என்று அவர் திரும்பிப் பாராமலே சொன்னார். மண்டபம் குலுங்கியது.

பத்மநாதன் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. எதிரில் இருந்தவர் தானாகவே கையை நீட்டிவிட்டார். பற்றிக்கொண்டால் போதும். அவர் நின்றார். கனகாம்பிகை முந்தானையைக் கசக்கத் தொடங்கிவிட்டார்.

"நான் கண்டனான்," என்றார்.

"எதை?"

"அந்தப் பிழையை. தட்டச்சில ஏற முதல் கண்டனான். நீர் பக்கத்து அறையில இருந்தனீர். எழும்பி வந்து கேக்கேல்லை. பிரதியை மாத்தக்கூடாது எண்ட உம்மடை சட்டத்தைச் சாட்டாகப் பிடிச்சனான். அந்தக் கிழமைதான் என்ரை கவிதையைத் திருப்பித் தந்தனீர்."

மனோரமா இதை மொழிபெயர்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வெளியே ரொம்போட் ரோட்டில் ஒரு பஸ் நின்று புறப்படும் சத்தம் முழுவதுமாகக் கேட்டது.

அருட்பிரகாசம் அவரை உற்றுப் பார்த்தார். கோபம் வந்து, ஏறி, எங்கேயோ போக வழியில்லாமல் நின்றது முகத்தில் தெரிந்தது. பிறகு மப்ளரைச் சரிசெய்தார்.

"அப்ப பாதி உமக்கு, பாதி எனக்கு," என்றார். "இனி இரும். அந்தப் பிள்ளையள் எவ்வளவு நேரம் வில்லைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது?"

பக்கத்துக் கதிரையிலிருந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். பத்மநாதன் அங்கே போய் உட்கார்ந்தார்.

வாசித்தார்கள். கறை, கரை. நூறு தலைகள் கொப்பியின் மேல் குனிந்தன. விரல்கள் வரி வரியாக இறங்கின. கூறை ஒழுகியபோது ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கூரை வந்தபோது அந்தச் சிரிப்பு நடுவில் நின்றது. ஒத்திகையில் பத்மநாதன் தன் நாக்கை மட்டும்தான் கேட்டார். இன்றைக்குச் சேகரின் காதையும் கேட்டார். காதில் பிசகி விழுந்த சொல்லுக்கும் மனோரமா அதே அளவு இடம் கொடுத்திருந்தாள். பிழை முதலில் வந்து, தன் முழு நீளத்துக்கும் நின்று, பிறகு சரிக்கு வழிவிட்டது. அது ஏதோ கோபுர வாசலில் ஒருவர் விலகி மற்றவரை உள்ளே விடுவது போல இருந்தது.

ஒன்பதாவதுக்கு முன்னால் அமைதி. பதினோரு செக்கனும் அருட்பிரகாசத்தின் மூச்சு அவருக்குக் கேட்டது. இரண்டு வயலினும் ஒன்றையொன்று பார்த்து, ஒரே நேரத்தில் தொட்டன.

பத்து, இருபது, முப்பது. கடைசி ஜோடி. வயோலா மெல்ல, ஏறக்குறைய நரம்பைத் தொடாமல், 'வலி' என்றது. நால்வரின் வில்லும் மேலே எழுந்தது.

பிறகு ஒன்றும் வரவில்லை.

பத்மநாதன் கொப்பியைப் பார்த்தார். இடப்பக்கம் 'வலி' இருந்தது. வலப்பக்கம் வெள்ளை. போட்டோ கொப்பி எடுத்தபோது பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது. அன்றைக்கு நூலகத்தில் அந்த வெள்ளையின் முன்னால் திருத்தத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு அவர் பேசாமல் இருந்தபோது, முடிந்துவிட்டதென்று அவள் டேப்பை நிறுத்தியிருக்கிறாள். இசை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் யாரும் கைதட்டவில்லை. இது கவிதை என்று நினைத்திருந்தால் இந்நேரம் தட்டியிருப்பார்கள். இது பிழை, இனி இதன் திருத்தம் வரவேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லும் தெரியும். ஒரு பாதையைத் தேடி வந்தவர்களுக்கு அது தெரியாமல் போகுமா?

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அருட்பிரகாசத்தின் வாய் சற்றே திறந்திருந்தது. அவருக்குப் பின்னால் கனகாம்பிகை, அவருக்குப் பின்னால் பேர் தெரியாத வரிசைகள். ழகரத்துக்கு நாக்கு பின்னால் மடியும், ஆனால் எதையும் தொடாது. அத்தனை வாய்களிலும் நாக்கு அப்படி மடிந்து, எதையும் தொடாமல் நிற்பதை அவர் கண்டார். மனோரமா சுவரோரம் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகளும் அசைந்தன. வெள்ளைக்காரர்கள் காரணம் தெரியாமல் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்கள் இன்னும் இறங்கவில்லை. பத்மநாதன் எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டுவிட்டார்.